அடைப்பைக் கரைத்த பிறகும் மூளை ஏன் வீங்குகிறது?

பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறேன். பிசியோதெரபி என் தொழில். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பக்கவாதம் வந்து படுத்தவர்களின் கையையும் காலையும் திரும்பப் பழக்குவதில்தான் என் பொழுது போகிறது. அந்த வீட்டில் எண்பதை நெருங்கும் ஒரு பெரியவரும் ஆச்சியும் மட்டும்தான். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. புழங்குவதோ இரண்டே அறை.

ஒருநாள் பயிற்சி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது ஆச்சி கேட்டார்:

"தம்பி, மருதையில ஊசி போட்டு அடப்பக் கரைச்சுட்டாக. மறுநாள் பேச்சுக் குடுத்தா கண்ணத் தொறந்து பாத்தாக. மூணாம் நாளு அப்படியே மயங்கிப் போயிட்டாக. அடப்புத்தான் போயிருச்சே, அப்பறம் எது தம்பி அவுகள அந்தப் பாடு படுத்துச்சு?"

"மூளை வீங்கியிருச்சு ஆச்சி" என்றேன். மருத்துவமனையிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். "அதான் ஏன் வீங்குச்சுங்கறேன்" என்றார். நியாயமான கேள்வி. அன்றைக்கு அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். முழுதாகச் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சுருக்கமான பதில்: அந்த வீக்கத்தில் பெரும்பங்கு, நம்மைக் காப்பதற்கென்றே இருக்கிற நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை.

முதலில் பக்கவாதத்தைக் கொண்டுவருகிற ஸ்ட்ரோக் என்றால் என்ன என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒரு வகை. வெடித்துக் கசிவது இன்னொரு வகை. 100 பேருக்கு ஸ்ட்ரோக் வந்தால் சுமார் 85 பேருக்கு முதல் வகைதான். பெரியவருக்கு வந்ததும் அதுதான் என்பதால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

சிவகங்கைச் சீமையில் கண்மாய் பார்க்காதவர் இருக்க முடியாது. மடையில் ஏதோ வந்து அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மடைக்கு நேர் எதிரே அந்தத் தண்ணீரை மட்டுமே நம்பியிருந்த வயல் உடனே காய்ந்துவிடும். ஓரத்து வயல்கள் அப்படி இல்லை. பக்கத்துக் கால்வாயிலிருந்து கசிகிற ஈரத்தில் வாடியபடியே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சீக்கிரம் மடையைத் திறந்தால் பிழைக்கும், தாமதித்தால் போய்விடும். மூளையிலும் அப்படித்தான். நடுப்பகுதி சில நிமிடங்களில் செத்துவிடுகிறது. சுற்றியிருக்கும் பகுதி சில மணி நேரம் வேலை செய்யாமல், ஆனால் சாகாமல் கிடக்கும். இதற்குப் பெனம்ப்ரா என்று பெயர். மருத்துவமனையில் நடக்கிற அத்தனை ஓட்டமும் இந்த ஓரத்து வயலைக் காப்பாற்றத்தான்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே இழுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று கையில் எதுவும் கிடையாது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். மூளையில் மொத்தம் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றனவே என்று ஆறுதல்பட வேண்டாம். பேச்சுக்கு, வலது கைக்கு, விழுங்குவதற்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனி இடத்தில் இருக்கிறது.

இதுவரை சொன்னது தண்ணீர்ப் பிரச்சினை. இனிமேல் வருவது ஆள் பிரச்சினை.

இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும், வந்தவர் எல்லாரும் ஒரே தூரம் உள்ளே போய்விட முடியாது. திண்ணையோடு நிற்கிறவர் உண்டு, முகப்பில் உட்காருகிறவர் உண்டு, வளவு என்கிற உள்முற்றம் வரை வருகிறவர் உண்டு. அதற்கும் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டுக்குள் போக உறவாக இருக்க வேண்டும். மூளையும் அப்படிக் கட்டப்பட்ட வீடுதான். உடம்பின் மற்ற இடங்களில் மெல்லிய ரத்தக்குழாய்களின் சுவரில் சின்னச் சின்னச் சந்துகள் இருக்கும். ரத்தத்தில் போகிறவை அவற்றின் வழியாக வெளியே எட்டிப் பார்க்கலாம். மூளையில் அந்தச் சுவரின் அணுக்கள் (செல்கள்) ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டிக்கொண்டிருக்கின்றன. சர்க்கரைக்குத் தனி வாசல், ஆக்சிஜனுக்குத் தடை இல்லை, முக்கால்வாசிப் பொருள்களுக்கு அனுமதியே இல்லை.

இது முதலில் தெரிய வந்தது ஒரு சாயத்தால். 1885-இல் ஜெர்மனியின் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். ஈரல், சிறுநீரகம், தசை எல்லாம் நிறம் ஏறின. மூளை மட்டும் வெளுத்தபடி இருந்தது. மூளைக்குச் சாயம் பிடிக்காது போல என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் அதை மாற்றிச் செய்தார். சாயத்தை நேராக மூளையைச் சுற்றியுள்ள நீரில் விட்டார். இப்போது மூளை நிறம் மாறியது, மற்ற உறுப்புகள் மாறவில்லை. ஆக, சாயம் பிடிக்காமல் இல்லை. நடுவில் ஒரு கதவு சாத்தியிருக்கிறது. இதைத்தான் ரத்த–மூளைத் தடுப்பு என்கிறார்கள். இந்தத் தடுப்பால் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களும் சாதாரண நாட்களில் மூளைத் திசுவுக்குள் அதிகம் வருவதில்லை.

அப்படியானால் உள்ளே காவலுக்கு யார்? வீட்டோடு இருக்கிற ஆட்கள். மைக்ரோகிளியா என்று பெயர். ஸ்பெயின் நாட்டுக்காரர் பியோ டெல் ரியோ ஓர்டேகா 1919-இல் இவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். கரு உருவாகும் தொடக்க நாட்களிலேயே மஞ்சள்கருப் பையில் பிறந்து, மூளைக்குள் போய்க் குடியேறி, பரம்பரையாக அங்கேயே இருப்பவை இவை. ரத்தத்து அணுக்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம்.

இவை சும்மா உட்கார்ந்திருக்கும் என்றுதான் வெகு நாள் நினைத்தார்கள். 2005-இல் உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கி வழியே பார்த்தபோது அந்த நினைப்பு போனது. ஒவ்வொரு மைக்ரோகிளியாவும் மெல்லிய கிளைகளை நீட்டுவதும் சுருக்குவதுமாக ஓயாமல் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றிவரும் கிழவியைப் போல. லேசரால் ஒரு சின்னக் காயம் உண்டாக்கினார்கள். சில நிமிடங்களில் சுற்றியிருந்த அத்தனையும் அந்தப் பக்கம் கையை நீட்டி காயத்தை வளைத்துக்கொண்டன.

ஸ்ட்ரோக்கில் நடப்பதும் அதுதான், அளவு மட்டும் பயங்கரம். நரம்பணு சாகும்போது உள்ளே இருந்தவை வெளியே கொட்டுகின்றன. ஏடிபி என்ற ஒரு பொருள் அணுவின் எரிபொருள். அது வெளியே தாராளமாகக் கிடக்கவே கூடாது. அணுவின் கருவுக்குள் இருக்க வேண்டிய புரதங்களும் டிஎன்ஏவும் கூட வெளியே வந்துவிடுகின்றன. விடிகாலையில் கோலம் போட வருகிறீர்கள். எதிர்வீட்டு நகைப்பெட்டி தெருவில் திறந்து கிடக்கிறது. திருடனைப் பார்க்கவில்லை. இருந்தாலும் கத்துவீர்கள் அல்லவா? மைக்ரோகிளியாவும் கத்துகிறது.

இங்கேதான் சிக்கல். அந்தச் சேதப் பொருள்களைப் பிடித்து உணரும் கருவிகளில் சில, பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கவும் பயன்படுகிறவை. டோல் வகை ஏற்பிகள் என்பார்கள். கிருமி வந்தாலும் அதே மணி, சொந்த அணு செத்தாலும் அதே மணி. ஸ்ட்ரோக்கில் கிருமி ஒன்றுகூட இல்லை. ஆனால் மணி அடித்துவிட்டது; கிருமிக்கு எதிராகச் செய்யும் ஏற்பாடுகள் எல்லாம் தொடங்கிவிட்டன.

மைக்ரோகிளியா விடும் குரலுக்குச் சைட்டோகைன் என்று பெயர். இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப் என்று சில ஆட்கள். அந்தக் குரல் கேட்டதும் ரத்தக்குழாயின் உட்சுவர் மாறுகிறது. வழவழப்பாக இருந்த சுவரில் ஒட்டும் புரதங்கள் முளைக்கின்றன. நாயுருவிச் செடியை உரசிக்கொண்டு நடந்தால் வேட்டியில் விதை எப்படிப் பிடித்துக்கொள்ளும்? அதைப்போல, ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த வெள்ளை அணுக்கள் சுவரில் உருண்டு, தட்டி, ஒட்டிக்கொள்கின்றன.

முதலில் வருவது நியூட்ரோஃபில். நம் ரத்தத்து வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் இவைதான். சில மணி நேரத்தில் வந்து சேர்ந்து, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொடுகின்றன. ஆச்சியின் மூன்றாம் நாள் நினைவிருக்கிறதா?

நியூட்ரோஃபில் கெட்டது இல்லை. முள் குத்தின இடத்தில் சீழ் வைக்கிறதே, அந்தச் சீழில் கிடப்பவை பெரும்பாலும் கிருமியோடு சண்டை போட்டுச் செத்த நியூட்ரோஃபில்கள்தான். ஆனால் அதன் ஆயுதங்கள் எல்லாம் கிருமிக்கு ஏற்றவை, மூளைக்கு ஏற்றவை இல்லை. எம்எம்பி-9 என்ற ஒரு நொதியை அது விடும். குழாயின் சுவரைத் தாங்கி நிற்கும் அடிப்பூச்சையும், பூட்டிக்கொண்டிருந்த இணைப்புகளையும் அந்த நொதி அரித்துவிடுகிறது. முட்டை வெள்ளைக்கரு கலந்து வழவழவென்று பூசிய செட்டிநாட்டுச் சுவரில் யாரோ அமிலத்தை ஊற்றினால் எப்படி இருக்கும், அப்படி. கூடவே ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் கடுமையான வேதிப்பொருள்களையும் அள்ளி வீசுகிறது. பக்கத்தில் உயிருக்கு ஊசலாடிக்கொண்டிருக்கும் ஓரத்து வயலுக்கும் அடி விழுகிறது.

இன்னொன்றும் செய்கிறது, எனக்கு இது படிக்கும்போதெல்லாம் ஆச்சரியம். தன்னுடைய டிஎன்ஏவையே வெளியே இழுத்து வலை மாதிரி வீசுகிறது. 2004-இல்தான் இந்த வலையைக் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவைச் சிக்கவைக்க நல்ல வலை. ஆனால் ரத்தக்குழாய்க்குள் வீசினால் ரத்தக்கட்டி அதில் சிக்கி இறுகிப்போகும். ஸ்ட்ரோக் வந்தவர்களிடமிருந்து கம்பி விட்டு வெளியே எடுத்த கட்டிகளைப் பரிசோதித்தபோது அவற்றுக்குள் இந்த வலைகள் இருந்தன. அத்தகைய கட்டிகள் ஊசி மருந்துக்கு எளிதில் கரைவதில்லை.

அதோடு, பெரிய குழாய் திறந்துவிட்டாலும் நியூட்ரோஃபில்கள் தலைமுடியை விட மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொண்டு நிற்பது எலிகளில் தெரிந்திருக்கிறது. மடை திறந்தாயிற்று, ஆனால் வாய்க்காலில் குப்பை. "அடப்புத்தான் போயிருச்சே" என்ற ஆச்சியின் வாதத்துக்கு ஒரு பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பதில் வீக்கம். அது இரண்டு தவணையில் வருகிறது. முதல் சில மணி நேரத்தில் சக்தி இல்லாத அணுக்கள் உப்பையும் தண்ணீரையும் வெளியேற்ற முடியாமல் தாமே உப்பிக்கொள்கின்றன. அடுத்த தவணை, கதவு உடைந்த பிறகு. குழாயிலிருந்து புரதமும் தண்ணீரும் திசுவுக்குள் கசிகின்றன. கணுக்கால் சுளுக்கினால் வீங்குகிறதே, அதேதான். கால் வீங்கினால் தோல் இழுத்துக்கொடுக்கும். மண்டையோடு கொடுக்காது. வீங்கிய பகுதி பக்கத்துப் பகுதியை நெருக்க, அங்கேயும் ரத்த ஓட்டம் குறைய, மயக்கம் வருகிறது. பொதுவாக இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இந்தக் கண்டம்.

வயது அதிகமானால் எல்லாமே மோசம் என்று நினைப்போம். இந்த ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கி மண்டைக்குள் இடம் விட்டிருக்கும். பெரியவருக்கு அந்த இடம் கைகொடுத்தது என்று நினைக்கிறேன், மருந்திலேயே தேறிவிட்டார். நாற்பது வயதுக்காரருக்குப் பெரிய குழாய் அடைத்தால் வீங்குவதற்கு இடமே இருக்காது. அப்போது மண்டையோட்டில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்துவைத்து இடம் உண்டாக்குவார்கள். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் செய்தபோது, ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 29 சதவீதத்திலிருந்து 78 சதவீதமாக உயர்ந்ததை ஐரோப்பாவில் நடந்த 3 ஆய்வுகளைச் சேர்த்து 2007-இல் காட்டினார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு ஊனம் மிஞ்சியது என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, இப்போது ஒரு காகிதத்தைக் காட்டுகிறேன். ஆச்சி ஒரு மஞ்சள் பையில் எல்லா ரிப்போர்ட்டையும் அடுக்கி வைத்திருந்தார். இரண்டாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் 84 சதவீதம், லிம்ஃபோசைட் 9 சதவீதம் என்று இருந்தது. சாதாரணமாக நியூட்ரோஃபில் 40-இலிருந்து 70-க்குள்ளும் லிம்ஃபோசைட் 20-இலிருந்து 40-க்குள்ளும் இருக்கும். முதல் எண் ஏறியிருப்பதன் காரணத்தைத்தான் இவ்வளவு நேரம் பேசினோம். இரண்டாவது எண் ஏன் இறங்கியது? (இந்த இரண்டு எண்ணும் வேறு பல காரணங்களாலும் இப்படி மாறும். உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துவைத்துக்கொண்டு நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.)

லிம்ஃபோசைட் என்பது எதிர்ப்பு மண்டலத்தின் படித்த பிரிவு. எந்தக் கிருமி, எப்போது வந்தது என்று ஞாபகம் வைத்து அடிப்பவை. பெரிய ஸ்ட்ரோக் வந்த ஓரிரு நாளில் இவற்றின் எண்ணிக்கை ரத்தத்தில் சரிகிறது. அடிபட்ட மூளை, நரம்புகள் வழியாகவும் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் வழியாகவும் உடம்பு முழுவதும் "அடங்கு" என்று உத்தரவு போடுகிறது. எலிகளில் லிம்ஃபோசைட்டுகள் தங்கியிருக்கும் மண்ணீரலே சுருங்கிவிடுகிறது. மூளைக்குள் அத்தனை ரகளை நடக்கிற அதே நேரத்தில், வெளியே உடம்பின் காவல் தளர்ந்து கிடக்கிறது. ஏன் இப்படி ஒரு உத்தரவு? உடைந்த மூளையின் புரதங்களை லிம்ஃபோசைட்டுகள் எதிரியாக மனப்பாடம் செய்துகொண்டுவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.

2003-இல் பெர்லின் ஆய்வாளர்கள் எலிகளில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஸ்ட்ரோக் உண்டாக்கிய எலிகளுக்கு நுரையீரலிலும் ரத்தத்திலும் தானாகவே பாக்டீரியாத் தொற்று வந்தது. நரம்பு வழியாகப் போகும் உத்தரவை ப்ரோப்ரனலால் என்ற மருந்தைக் கொடுத்துத் தடுத்தபோது தொற்று குறைந்தது; கூடுதல் எலிகள் பிழைத்தன. ப்ரோப்ரனலால் ஒன்றும் அபூர்வ மருந்து இல்லை, படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கிற பழைய மாத்திரைதான். அதற்காக ஸ்ட்ரோக்குக்கு அதைத் தேடி ஓட வேண்டாம். எலிக்குக் கிடைத்த பலன் மனிதருக்குக் கிடைக்கும் என்று சொல்கிற நிலை இன்னும் வரவில்லை.

மனிதரில் கணக்கு என்ன? 2011-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், ஸ்ட்ரோக் வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தொற்றும், 10 சதவீதம் பேருக்கு நிமோனியாவும் வந்திருந்தது. நிமோனியா வந்தவர்களில் இறப்பு அதிகம். அப்படியானால் எல்லாருக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் போட்டுவிடலாமே என்று தோன்றும். நெதர்லாந்தில் 2,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். தொற்று ஓரளவு குறைந்தது. ஆனால் மூன்று மாதம் கழித்து அவர்கள் நடமாடும் நிலையில் எந்த முன்னேற்றமும் இல்லை.

இந்த இடத்தில் என் தொழில் அனுபவத்தைக் கொஞ்சம் கலக்கிறேன். யாராவது கை கால் விழுந்து சாய்ந்தால் நம் ஊரில் முதலில் நடப்பது என்ன? "கொஞ்சம் காப்பித் தண்ணி குடுங்க." டவராவில் ஆற்றி, தலையைத் தூக்கிப் பிடித்து, வாயில் ஊற்றுவார்கள். அன்பால்தான். ஆனால் ஸ்ட்ரோக்கில் விழுங்கும் தசைகளும் தடுமாறியிருக்கும். காப்பி உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாயில் இறங்கும். இருமல் வந்தாலாவது தெரியும்; பலருக்கு இருமலே வராது. வாயில் இருந்த பாக்டீரியாவும் சேர்ந்து நுரையீரலுக்குள் போகிறது, அங்கே காவலும் இல்லை. நாலாம் நாள் காய்ச்சல். மருத்துவமனையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் கரகரக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாய்வழி உணவுக்குச் சம்மதிப்பார்கள். அதுவரை மூக்கில் குழாய். "சோறு தண்ணி குடுக்காமப் போட்டு வச்சிருக்காக" என்று சண்டைக்குப் போகும் உறவினர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தூர்ப் பெரியவருக்குப் பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். கெட்டியான கஞ்சி, அரைக் கரண்டி, நிமிர்ந்து உட்காரவைத்து. தண்ணீரை விடக் கெட்டியான கஞ்சியை விழுங்குவதுதான் அந்த நிலையில் பத்திரம் என்று சொன்னால் ஆச்சி இன்றைக்கும் நம்புவதில்லை.

சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோ காலில் வந்தபோது கேட்டார், "அப்பச்சிக்கு எதிர்ப்பு சக்தி கூட்ட என்ன கொடுக்கலாம்?" 2020-க்குப் பிறகு இந்தக் கேள்வி இல்லாத வீடே இல்லை. அவருக்கு நான் திருப்பிக் கேட்டது: எதிர்ப்பு சக்தியில் எதைக் கூட்ட வேண்டும், எந்த இடத்தில், எத்தனையாவது நாளில்? மூன்றாம் நாள் மூளைக்குள் அதைக் கூட்டினால் வீக்கம் ஏறும். அதே மூன்றாம் நாள் நுரையீரலில் அது குறைவாக இருப்பதால் நிமோனியா வருகிறது. பத்தாம் நாள் மூளைக்குள்ளேயே அது கட்டாயம் வேண்டும். குழாயைத் திருகித் தண்ணீர் கூட்டுவதுபோல் கூட்டுகிற சமாச்சாரம் இல்லை இது.

பத்தாம் நாள் ஏன் வேண்டும் என்கிறேன்? செத்த திசுவை யாராவது அள்ள வேண்டுமே. நியூட்ரோஃபில் கூட்டம் கலைந்த பிறகு ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் வந்து மேக்ரோஃபேஜ் என்ற பெருந்தீனி அணுக்களாக மாறுகின்றன. வீட்டோடு இருக்கும் மைக்ரோகிளியாவும் சேர்ந்துகொள்கிறது. செத்த அணு, அதற்குச் சுற்றியிருந்த கொழுப்பு உறை, முன்னால் வந்து செத்த நியூட்ரோஃபில் எல்லாவற்றையும் தின்கின்றன. தின்னத் தின்ன அவற்றின் குணமும் மாறுகிறது. கத்துவதை நிறுத்தி, அழற்சியை (இதுவரை பார்த்த ரகளைக்கும் வீக்கத்துக்கும் அதுதான் பெயர்) அடக்கும் பொருள்களையும் புது ரத்தக்குழாய் வளரத் தூண்டும் பொருள்களையும் சுரக்கத் தொடங்குகின்றன. எலிகளில் மைக்ரோகிளியாவை முன்கூட்டியே நீக்கிவிட்டு ஸ்ட்ரோக் உண்டாக்கியபோது சேதம் கூடியதே தவிரக் குறையவில்லை. ரகளை செய்த ஆள்தான், ஆனால் அந்த ஆள் இல்லாமல் வீடு நடக்கவில்லை.

லிம்ஃபோசைட்டிலும் இப்படி இரண்டு முகம். சில வகை டி அணுக்கள் ஆரம்ப நாட்களில் நியூட்ரோஃபிலைக் கூப்பிட்டுச் சேதத்தைக் கூட்டுகின்றன. ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் என்ற வகையோ இரண்டு மூன்று வாரம் கழித்து மூளையில் சேர்ந்து, மீண்டு வர உதவுகின்றன. 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் வெள்ளை அணுவைத் தடுக்கும் மருந்து ஏன் வரவில்லை? முயலாமல் இல்லை. குழாய்ச் சுவரில் முளைக்கும் அந்த ஒட்டும் புரதத்தையே மறைக்கும் ஒரு மருந்து, எலியிலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), என்லிமோமாப் என்று பெயர். 625 நோயாளிகளில் சோதித்து 2001-இல் முடிவு வந்தது. மருந்து வாங்கியவர்களின் நிலை, வாங்காதவர்களை விட மோசமாக இருந்தது, இறப்பும் கூடுதல். எலிப் புரதத்தையே மனித உடம்பு எதிரியாகப் பார்த்துக் காய்ச்சலைக் கிளப்பிவிட்டது என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். நரம்பு நோய் ஒன்றுக்கு நன்றாக வேலை செய்யும் நடாலிசுமாபைக் கொண்டுவந்தார்கள். அதுவும் பலிக்கவில்லை. இன்டர்லூக்கின்-1-ஐத் தடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அழற்சி குறைந்தது, ஆள் நடப்பதில் வித்தியாசம் தெரியவில்லை.

எலியில் பலித்தது மனிதரில் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றுகிற முதல் காரணம் சாதாரணமானது. ஆய்வுக்கூடத்து எலி இளசு. அதற்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, முப்பது வருஷம் பீடி குடித்ததில்லை. அதற்கு மருந்து கொடுப்பதும் துல்லியமாக இத்தனையாவது நிமிடத்தில். நம் ஆட்களுக்கு ஸ்ட்ரோக் வருவதற்கு முன்பே ரத்தக்குழாய்களில் அழற்சி பல வருஷமாகப் புகைந்துகொண்டிருக்கும். "வீக்கத்துக்கு ஸ்டீராய்டு போடலாமே" என்று கேட்பவர்களும் உண்டு. மூளைக்கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு அது கேட்கும். ஸ்ட்ரோக் வீக்கத்துக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை, பலன் நிரூபணமாகவில்லை, தொற்று அபாயம் இருக்கிறது. புறா ரத்தம் தேய்ப்பது பற்றியும் கேட்பார்கள். மூளைக்குள் நடப்பதற்கும் தோலில் தேய்ப்பதற்கும் நடுவில் எத்தனை கட்டு இருக்கிறது என்பதை மேலே பார்த்துவிட்டோம்.

ஆகவே இன்றைக்கு எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுப்படுத்த நம் கையில் இருக்கிற ஒரே வலுவான வழி, மணி அடிப்பதற்கான சேதத்தையே குறைப்பதுதான். சாகிற அணு குறைந்தால் கொட்டுகிற பொருளும் குறையும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து வழக்கமாக நாலரை மணி நேரம் கெடு. கம்பி விட்டுக் கட்டியை எடுப்பதற்கு 6 மணி நேரம். ஸ்கேனில் பெனம்ப்ரா மிச்சம் இருப்பது தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சுக் குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். எப்போது தொடங்கியது என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், சிடி ஸ்கேன் இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

இந்த ஊர்களுக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து மதுரையோ திருச்சியோ போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அதற்கு முன்னால் வீட்டுக்குள் போகிற நேரம். அந்தப் பெரியவர் விழுந்தது காலையில், இரண்டாங்கட்டில். ஆச்சி முகப்பில் கீரைக்காரியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நடுவில் ஒரு வளவு, மூன்று நிலைக்கதவு. கூப்பிட்டாலும் கேட்காது, அவருக்கோ கூப்பிடவும் வாய் வரவில்லை. பாத்திரம் தேய்க்க வந்த அம்மாள் பின்வாசல் வழியாக நுழைந்ததால் பார்த்தார். மூன்றே முக்கால் மணி நேரத்தில் ஊசி போட்டார்கள். இப்போது அவர் கட்டிலை முகப்புக்குப் பக்கத்து அறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள், கையில் ஒரு மணியும் கொடுத்திருக்கிறார்கள். பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதை ஆச்சி பிறகுதான் சொன்னார். "நல்லாத்தானே இருக்காகன்னு நிறுத்திட்டோம்."

போன மாதம் ஆறு மாதக் கணக்குக்கு மறுபடியும் ஸ்கேன் எடுத்து வந்திருந்தார்கள். பெரியவர் வளவுத் தூணைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு எட்டு அடி, நடுவில் பிடிமானம் இல்லை. ஆச்சி பிலிமை முற்றத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். இடது பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குக் கருப்பு.

"இது என்ன தம்பி, ஓட்டையா?"

"ஆமா ஆச்சி. அதுல இப்ப வெறும் தண்ணிதான் இருக்கு. சுத்தித் தழும்பு."

"அங்க இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

"உள்ள இருக்கிற ஆளுகளே தின்னு தீத்துட்டாக."

ஆச்சி பிலிமை உறைக்குள் போட்டு மஞ்சள் பையில் வைத்தார். அதற்குள் பெரியவர் மூன்றாவது தூணைத் தொட்டிருந்தார்.